மருந்தடிக்கிற வாரம்

— நாப்பத்திரெண்டு.

— எது நாப்பத்திரெண்டு?

— மீட்டர், ஐயா. உங்க சன்னலுக்கும் அந்த முதல் வரிசை திராட்சைக் கொடிக்கும் நடுவுல.

— இதுக்கா அந்த அளக்கற சக்கரத்தை உருட்டிக்கிட்டு மூணு தரம் போயிட்டு வந்தே? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எட்டு வெச்சு நடந்தா அம்பத்தஞ்சு.

— எட்டு ஆளுக்கு ஆள் மாறுமேய்யா.

— என் எட்டு மாறாது. இருவத்தெட்டு வருஷம் இதே வழியில போய் வந்த கால்.

— அப்பா, அவங்க வேலையைச் செய்ய விடுங்க. மேடம், நீங்க எழுதிக்கங்க. இவர் இப்படித்தான். காத்தடிச்சாக்கூட யார் அனுப்பினாங்கன்னு கேப்பார்.

— கேக்கணும். கேக்காம விட்டதுனாலதான் போன தடவை வந்தவன் நம்ம கிணத்துல ரெண்டு பாட்டில் தண்ணி மொண்டுட்டுப் போனான். தண்ணி என்னாச்சுன்னும் தெரியல, பாட்டிலும் திரும்பி வரல. நல்ல பாட்டில்.

— அது நாங்க இல்லைய்யா. நாங்க வேற.

— எல்லாரும் வேறதான். வர்றப்ப வேற வேறயா வருவீங்க, போறப்ப ஒரே மாதிரி போவீங்க.

— சரி, ஒரு நிமிஷம் உக்காருங்க. திரும்ப முதல்ல இருந்து சொல்லிடறேன். தோட்டத்துல அடிக்கிற பூச்சி மருந்து பக்கத்து வீடுகளுக்குள்ள எவ்வளவு வந்து சேருதுன்னு பாக்கறோம். மொத்தம் நாப்பது வீடு. பாதி இப்படித் தோட்டத்தை ஒட்டி. மீதி ஏரிப் பக்கம், இங்கருந்து அஞ்சு கிலோமீட்டர் தள்ளி.

— ஏரிப் பக்கம் ஒரு கொடிகூடக் கிடையாதே. அங்க என்னத்தை அளப்பே?

— அதுக்குத்தான் அங்க போறது. ஒண்ணுமில்லாத எடத்துல எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே இங்க எவ்வளவு கூடன்னு சொல்ல முடியும்?

— ம். இது ஒண்ணு ஒழுங்கா சொன்னே. மேல பேசு.

— மேடம், ரிப்போர்ட் வர எத்தனை நாள் ஆகும்?

— அஞ்சு வாரம், ஆறு வாரம் ஆகும்மா. என்ன அவசரம்?

— எங்களுக்கு அதை வெச்சுத்தான் முடிவு. பாப்பாவுக்கு மூணு வயசு. ஒரு வருஷமா இருமிக்கிட்டே இருக்கா. இவளோட அப்பா டவுன்ல லிஃப்ட் மெக்கானிக். அங்க மூணாவது மாடியில ரெண்டு ரூம் வீடு பாத்து சாவியும் வாங்கி வெச்சுட்டார். நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். நீங்க அளந்து சொல்ற நம்பர், இதுக்கு மேல போனா ஆபத்துன்னு ஒரு கோடு வெச்சிருக்கீங்களே, அந்தக் கோட்டைத் தாண்டினா கிளம்பறோம். தாண்டலைன்னா இங்கயே இருக்கோம். எல்லாருமா உக்காந்து பேசி அப்படித்தான் முடிவு பண்ணியிருக்கோம். அப்பாவும் ஒத்துக்கிட்டார்.

— ஒத்துக்கிட்டேன். நாப்பத்திரெண்டு மீட்டர்லதான் நீயும் பொறந்து வளந்தே. உனக்கென்ன கொறைஞ்சு போச்சு?

— எனக்குக் கொறையலைப்பா. இவளுக்குக் கொறையாம இருக்கணுமேன்னுதான்.

— எல்லாம் உன் வீட்டுக்காரன் ஓதிக் குடுத்தது. அவனுக்கு மேலயும் கீழயும் போயிட்டு வர்றதுதான் தொழில். தரையில இருக்கறவன் பேச்சு காதுல ஏறாது.

— உங்களையும்தான் வரச் சொன்னார்.

— மூணாவது மாடியில நான் என்ன பண்ண? கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ போற வண்டியை எண்ணவா? தோட்டத்துப் பெரிய முதலாளி, செத்துப் போன மனுஷன், இந்த வீட்டை என் கையைப் பிடிச்சுக் குடுத்தார். இதை விட்டுட்டு எங்கயும் வரமாட்டேன். அது கெடக்கட்டும். இந்தாம்மா, அந்த இருமல் தோட்டத்துனாலதான்னு நீ எழுதிடுவியா?

— எழுத மாட்டேன்யா. இருமலுக்கு எது காரணம்னு நான் சொல்ல முடியாது, அது டாக்டர் வேலை. எவ்வளவு இருக்குன்னு மட்டும்தான் நான் சொல்வேன்.

— சரி. கேக்க வேண்டியதைக் கேளு.

— வீட்டுக்குள்ள செருப்பு போட்டுக்கிட்டு நடப்பீங்களா?

— நடப்பேன். என் வீடு.

— நாய் உள்ள வருமா?

— வரும். அதுக்கும் இதுதான் வீடு.

— இந்த வீட்டுல யாராவது மருந்தடிக்கிற வேலை பாத்திருக்காங்களா?

— நான்தான். டிராக்டருக்குப் பின்னால காத்தாடி வெச்ச மெஷினைக் கட்டிக்கிட்டு இருவத்தெட்டு வருஷம். நான் எறங்கினேன், என் மச்சான் ஏறினான். இவளோட மாமன். இந்தப் பக்கத்துக்கு இன்னைக்கும் அந்த ஒரே மெஷின்தான்.

— அப்ப மருந்து பட்ட துணியை எங்க துவைப்பீங்க?

— அம்மா இருந்தவரைக்கும் இந்தக் கொல்லைக் குழாய்லதான் மேடம். எங்க பள்ளிக்கூட உடுப்போட சேத்தே துவைப்பாங்க.

— அவங்க உன்னைக் கேக்கல, என்னைக் கேட்டாங்க. எழுதிக்க, கொல்லைக் குழாய். வேற?

— அவ்வளவுதான்யா. இப்ப இதைப் பாருங்க. இந்தக் கிண்ணத்தை வாசல் பக்கம் தொங்க விடப் போறேன்.

— ரெண்டு சாப்பாட்டுத் தட்டை ஒண்ணு மேல ஒண்ணு கவுத்த மாதிரி இருக்கு. இதுக்கு கரண்ட் யார் கட்டறது?

— கரண்டே வேண்டாம். உள்ள ஒரு பஞ்சு இருக்கு. காத்துல வர்றதை அது பிடிச்சு வெச்சுக்கும். இந்த ரப்பர் வளையம் பாப்பா கைக்கு. ஏழு நாளும் கழட்டக்கூடாது, குளிக்கறப்பகூட. அவ போற எடத்துல இருக்கறதெல்லாம் இதுல வந்து ஒட்டும். அப்புறம் கடைசி மூணு நாளும் காலையில எந்திரிச்ச உடனே இந்த மூணு பாட்டில்ல.

— பாட்டில்ல என்ன?

— மூத்திரம்யா. பாப்பாவோடது. எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சிருங்க.

— சாப்பாடு வெக்கற எடத்துலயா? இதுக்குத்தான் படிச்சியா நீ?

— ஆமாய்யா. பதினேழு வருஷம்.

— அப்பா, சிரிக்காதீங்க. மேடம், நான் ரெண்டு கவர் போட்டு வெச்சுக்கறேன்.

— கடைசியா இந்தத் தாள். இதுதான் முக்கியம். ஏழு கட்டம் இருக்கு, திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும். என்னைக்கு மருந்தடிக்கிறாங்களோ அந்தக் கட்டத்துல ஒரு டிக். தோட்டத்து ஆபீஸ்ல கேட்டுப் பாத்தேன், மருந்தடிக்கிற பதிவைக் காட்ட முடியாதுன்னுட்டாங்க. அதனால எங்களுக்கு இந்த டிக்தான் எல்லாம். அம்மா, நீங்க போடறீங்களா?

— எனக்கெங்க தெரியும் மேடம்? ஆஸ்பத்திரி சமையல்கட்டுல வேலை. நாலரைக்கெல்லாம் கிளம்பிடுவேன். அவங்க மருந்தடிக்கறது அஞ்சுல இருந்து ஏழுக்குள்ள.

— காத்து எழும்பறதுக்கு முன்னாடி அடிச்சு முடிக்கணும். அப்பத்தான் இலையில நிக்கும். எங்கிட்ட குடு. படிப்புத்தான் வராது, டிக் போட வரும்.

— இந்த வாரம் நிறைய அடிப்பாங்களாய்யா?

— பூ உதிந்து பிஞ்சு பிடிக்கிற நேரம். வாரத்துக்கு மூணு தரம் அடிக்கலைன்னா சாம்பல் நோய் வந்து கொடி வெள்ளை பூத்துப் போயிடும்.

— அதுக்காகத்தான் இந்த வாரத்தைக் கேட்டு வாங்கினேன். வருஷத்துலயே கூடுதலா இருக்கற வாரம் எவ்வளவுன்னு தெரிஞ்சுட்டா, மத்த நாளெல்லாம் அதுக்குக் கீழதானே. நீங்க மட்டும் எப்பவும்போல இருங்க. எதையும் மாத்தக்கூடாது. சன்னலைப் புதுசா அடைக்கக்கூடாது, தேய்ச்சுத் தேய்ச்சுப் பெருக்கக்கூடாது.

— பெருக்காதேன்னு சொல்றதுக்கு ஒரு ஆபீசரம்மா வீடு தேடி வந்தது இதுதான் முதல் தடவை.

*

— டீ குடிச்சுட்டுப் போம்மா.

— பரவாயில்லைய்யா. இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போகணும்.

— உக்காரு. போட்டுட்டேன். மக வேலைக்குப் போயிட்டா. நான் போட்டதுதான், குடிச்சுட்டு ஒண்ணும் சொல்லாதே.

— போன வாரம் என்னை வாசலோட அனுப்பிடுவீங்கன்னு நினைச்சேன். இப்ப டீயெல்லாம் குடுக்கறீங்க.

— அன்னைக்கு நீ யாரோ. இன்னைக்கு என் பேத்தி மூத்திரத்தைத் தூக்கிட்டுப் போறவ. சொந்தமாயிட்டே.

— வளையத்தைக் கழட்டாம வெச்சிருந்தாளா?

— கழட்ட விட்டாத்தானே? அது அவ கடிகாரமாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் என்னை மணி கேக்கச் சொல்றா. கேட்டா கையைத் தூக்கிப் பாத்துட்டு, நாலு மணிங்கறா. எப்பக் கேட்டாலும் நாலுதான். நீ கழட்டறப்ப மொகத்தைப் பாத்தியா, எப்படி வெச்சுக்கிட்டா?

— பாத்தேன். அடுத்த தடவை வேற ஒண்ணு கொண்டு வந்து குடுக்கறேன். வெறும் வளையம், அளக்கறதுக்கு இல்ல.

— கொண்டு வா. மறந்தேன்னா அவ விடமாட்டா.

— வீட்டுக்குள்ள எங்கயும் புதுசா பெருக்கலையே? இந்த ஓரத்துல ஒரு சதுர மீட்டர் தூசு எடுக்கறேன்.

— எடு. உன் மெஷின் சத்தத்துக்கு நாய் கட்டிலுக்கடியில போயிடும். பயப்படாதே, கடிக்காது.

— முடிஞ்சுது. அந்தத் தாளைக் குடுங்கய்யா.

— இந்தா. செவ்வாய், வியாழன், சனி. மூணு டிக். சுத்தமா போட்டிருக்கேன்.

— நல்லா போட்டிருக்கீங்க. எத்தனை மணிக்கு அடிச்சாங்க?

— எப்பவும் அடிக்கிற நேரம்தான். அஞ்சுக்கு வந்தான், ஏழுக்குப் போனான்.

— பாப்பா அந்த நேரத்துல எங்க இருந்தா?

— தூங்கிக்கிட்டு இருந்தா. என் பக்கத்துல, அந்தப் பாயில. அவ அம்மா கிளம்பினதும் எந்திரிச்சு என் பாய்க்கு வந்துடுவா. ரெண்டு காலையும் என் வயித்து மேல போட்டாத்தான் தூக்கம் வரும்.

— இது பாட்டில். எண்ணைப் பாத்துக்கங்க, மூடியிலயும் பக்கவாட்டுலயும் ஒரே எண். உங்க முன்னாடியே ஒட்டறேன்.

— இரு. தடவிப் பாக்கறேன். ம். மூணும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. வேற பிள்ளையோடதை எங்க தலையில கட்டிடாதே.

— கட்ட மாட்டேன்யா.

— ஒண்ணும் இருக்காது. எழுதி வெச்சுக்க. இதுல ஒண்ணுமே இருக்காது.

— பஞ்சு சொல்லட்டும். ஒண்ணு கேக்கட்டுமா? அவங்க கிளம்பிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?

— என்ன பண்ணுவேன்? இருப்பேன். நாய் இருக்கு. அதுக்கு மணி கேக்கத் தெரியாது, அவ்வளவுதான். டீ ஆறுது, குடி.

*

— முதல்லயே சொல்லிடறேன், இல்லைன்னா நீங்க ரெண்டு பேரும் மூச்சு விட மாட்டீங்க. கோட்டுக்குக் கீழதான் இருக்கு.

— நெசமாவா மேடம்? இன்னொரு தரம் சொல்லுங்க.

— கோட்டுக்குக் கீழதான்மா. கோடு அம்பது. பாப்பாவுக்கு முப்பத்தொண்ணு.

— அப்பா, கேட்டீங்களா?

— கேட்டுச்சு. காதுக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்கே சொன்னேனா இல்லையா? ஆறு வாரம் எல்லாரையும் நெருப்புமேல நிக்க வெச்சாச்சு. அந்த லிஃப்டுக்காரனுக்கு இப்ப மொகம் எப்படி இருக்கும்னு பாக்கணும்.

— அப்பா.

— சரி, ஒண்ணும் சொல்லல. சந்தோஷத்துல சொல்லிட்டேன்.

— ஒவ்வொண்ணா சொல்லிடறேன். முதல்ல கிண்ணத்துப் பஞ்சு. காத்துல ரொம்பக் கம்மி. எனக்கே ஆச்சரியம். மூணு தரம் அடிச்ச வாரத்துல இவ்வளவு கம்மியா வேற எந்த வீட்டுலயும் வரல. காத்து எதிர்ப்பக்கமா வீசியிருக்கும்னு நினைக்கறேன்.

— வீசுச்சு. அந்த வாரம் பூரா எதிர்க்காத்துதான்.

— அடுத்தது தூசு. இதுதான் கொஞ்சம் கூட. இருபத்தாறு மருந்துக்குத் தேடினோம். உங்க வீட்டுத் தூசுல ஒன்பது இருக்கு. அதுல ஒண்ணு இப்ப கடையிலயே கிடையாது. தடை பண்ணி பதினாலு வருஷம் ஆச்சு.

— எது அது?

— பேரு நீளமா இருக்கும்யா.

— பேரு எனக்கு வேண்டாம். மஞ்ச மூடி போட்ட தகர டப்பாவா? தொறந்தா அழுகின பூண்டு மாதிரி அடிக்குமே, அதுவா?

— டப்பாவை நான் பாத்ததில்ல. ஆனா வாசனை அப்படித்தான்னு படிச்சிருக்கேன்.

— அது என் காலத்து மருந்து. என் கையால கலக்கி அடிச்சது. இன்னுமா கெடக்கு இங்க?

— வெளியில அடிச்சா வெயில்லயும் மழையிலயும் கொஞ்ச நாள்ல போயிடும்யா. வீட்டுக்குள்ள வந்துட்டா போகாது. தரை வெடிப்புல, பாய்க்கடியில, அலமாரிக்குப் பின்னால வருஷக்கணக்கா அப்படியே இருக்கும். ஆனா அது ரொம்பக் கொஞ்சம்தான். செருப்பை வாசல்லயே விடுங்க, ஈரத்துணி போட்டுத் துடைங்க, குறையும்.

— இனிமே நாய் உள்ள வரட்டும், காலை ஒடைக்கறேன். அப்பா, உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். செருப்பு வாசல்ல. மேடம், நான் அவருக்குப் போன் போட்டுச் சொல்லிடட்டுமா? வாசல்ல நின்னாத்தான் லைன் கிடைக்கும். அவர் ரெண்டு நாளா சரியா சாப்பிடக்கூட இல்ல.

— போய்ச் சொல்லுங்கம்மா. மீதியை ஐயாகிட்ட சொல்றேன்.

— இந்தாம்மா, அவ போகட்டும். ஒண்ணு கேக்கறேன். இந்த முப்பத்தொண்ணுங்கறது எப்பத்தியது?

— கடைசி மூணு நாள் எடுத்த பாட்டில்தான்யா. இருபத்தொம்பது, முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு. நடுவுல இருக்கறதைச் சொன்னேன்.

— மூணும் ஒரே மாதிரி இருக்கே.

— நானும் கவனிச்சேன். மருந்தடிச்சா மறுநாள் ஏறும், அப்புறம் இறங்கும். இது ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல.

— ஒடம்புல எத்தனை நாள் தங்கும் இது?

— ரெண்டு நாள். மிஞ்சினா மூணு. அப்புறம் வெளிய போயிடும்.

— புதுசா அடிக்கலைன்னா?

— அடிக்கலைன்னா ஏரிப் பக்கத்துப் பிள்ளைங்க மாதிரிதான் இருக்கணும்.

— அங்க எவ்வளவு?

— ரெண்டு, மூணு. ஒரே ஒரு பிள்ளைக்கு நாலு.

— உங்க மெஷின் தப்பாக் காட்டியிருக்கலாம்ல?

— முப்பத்தஞ்சு வீட்டுக்குப் போய் ரிப்போர்ட் சொல்லிட்டேன்யா. நல்லா வந்த எண்ணைப் பாத்து, தப்பா இருக்குமான்னு கேக்கற முதல் ஆள் நீங்கதான்.

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— தப்பா இருக்காது. ஒவ்வொரு பாட்டிலையும் ரெண்டு தரம் பாத்திருக்காங்க.

— பாட்டில் மாறியிருந்தா?

— நீங்கதானே ஒட்டினதைத் தடவிப் பாத்தீங்க? அந்தக் கை வளையமும் இதையேதான் சொல்லுது. தூசுல என்னென்ன இருக்கோ அதேதான் வளையத்துலயும் இருக்கு.

— அப்ப இது அவளுக்கு எங்கருந்து வருது?

— மருந்தடிச்ச வாரம்யா அது. தோட்டத்துல இருந்துதான் வரும்.

— தோட்டத்துல இருந்து வரலைன்னு வெச்சுக்க.

— வரலைன்னா வீட்டுல இருந்துதான் வரணும். தரையில இருந்து, அவ படுக்கற பாயில இருந்து. எதைத் தொட்டாலும் கையை வாயில வெக்கற வயசு. ஆனா அப்படி இருந்தா பேச்சே வேறய்யா.

— எப்படி வேற?

— வருஷத்துலயே மோசமான வாரத்துல முப்பத்தொண்ணுங்கறதுனாலதான் நான் நிம்மதியா இருங்கன்னு சொல்றேன். இதே முப்பத்தொண்ணு மருந்தே அடிக்காத ஒரு வாரத்துல வந்திருந்தா, அதுதான் இந்த வீட்டுல ஆகக் கம்மியான எண்ணுன்னு அர்த்தம். அடிக்கிற வாரத்துல அது கோட்டைத் தாண்டி எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியாது. அப்படி வந்திருந்தா, பெட்டியைக் கட்டுங்கன்னு நானே சொல்லியிருப்பேன்.

— ம்.

— ஏன்யா மொகம் இப்படி ஆயிடுச்சு? அதான் உங்க டிக் இருக்கே. மூணு தரம் அடிச்சிருக்காங்க. பயப்பட ஒண்ணுமில்ல.

— அந்தத் தாள் இப்ப எங்க இருக்கு?

— இங்க, ஃபைல்லயே இருக்கு. எதுக்கு, பாக்கணுமா?

— வேண்டாம். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.

— அப்பா, அப்பா, அவர் சரின்னுட்டார். அந்த வீட்டு ஓனரைப் பாத்து இன்னைக்கே சாவியைத் திருப்பிக் குடுத்துடறாராம். வாராவாரம் அவரே இங்க வந்துட்டுப் போறேன்னார். மொணங்கக்கூட இல்ல. நம்பர் சொன்னா நம்பர்தான்னார்.

— அப்படியா சொன்னாரு?

— ஆமாப்பா. பாப்பாகிட்டயும் சொல்லிட்டேன், தாத்தா வீட்டுலயே இருக்கப் போறோம்னு. அங்க பாருங்க, நாயைப் பிடிச்சுக்கிட்டு ஆடறதை.

— போன்ல இருக்காரா இன்னும்?

— இருக்கார். லைன்லதான். மேடத்துக்கு ஒரு நன்றி சொல்லணுமாம்.

— எங்கிட்ட குடு.

— நீங்களா? அவர்கிட்டயா? கல்யாணமாகி நாலு வருஷத்துல எல்லாத்துக்கும் 'உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லிடு'ன்னு என் வழியாத்தானே பேசுவீங்க?

— குடு தாயி. எங்க நின்னா நல்லா கேக்கும்? இங்கயா?

— இன்னும் கொஞ்சம் வெளிய வாங்க. ஆங், அங்க. இப்பப் பேசுங்க.

— மாப்பிள்ளை, நான்தான். அந்தச் சாவியைத் திருப்பிக் குடுத்துடாதீங்க, நாளைக்கே வண்டியோட வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுங்க. நம்பர்ல தப்பில்ல, நான் போட்ட டிக்லதான் தப்பு. மச்சான் காலைப் பிடிக்காத குறையா கெஞ்சி மெஷினை நிறுத்தி வெச்சிருந்தேன். அந்த ஏழு நாளும் தோட்டத்துல ஒரு சொட்டு மருந்து விழல.